அலறல் கேட்டால் போகாத ஊர்

ஜூலை மாதத்தில் கிரேக்க நாட்டு லிகூரியோவில் யாராவது "ஐயோ, கொல்றாங்களே" என்று கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஊரார் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே பழைய கல் அரங்கம். கோடை முழுக்க அங்கே சோக நாடகம். அந்த நாடகங்களில் கொலையைக் கண்ணெதிரே காட்டும் வழக்கம் ஆதியிலிருந்தே இல்லை. ராஜா அரண்மனைக்குள் போவார், கதவு சாத்திக்கொள்ளும், உள்ளேயிருந்து அலறல் வரும். அப்புறம் கதவு திறந்து, பிணத்தைச் சக்கரப் பலகையில் வைத்து வெளியே தள்ளுவார்கள். ஆகவே சாகிற நடிகருக்கு அலறத் தெரிய வேண்டும். அதை எங்கே போய்ப் பழகுவார்? வாடகை அறையில்தான். ஊர் கண்ணயரும் மத்தியான வேளையில் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்கிரோவுக்கு மட்டும் இது பழகவே இல்லை. அவளும் புருஷன் ஸ்தாதிஸும் சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள்; மாடி அறைகளை நடிகர்களுக்கு விட்டார்கள். அலறல் கேட்டதும் அவள் கையில் இருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடும். வயது அறுபதைத் தாண்டியும் இந்தச் சீக்கு போகவில்லை என்று ஸ்தாதிஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

அந்தச் சீக்கு சிறு வயதில் பிடித்தது. கடைசி ஒத்திகையை ஊர்க்காரர்கள் சும்மாவே பார்க்கலாம் என்பதால் அம்மாவோடு போயிருந்தாள். ராஜா உள்ளே போனார், அலறினார். வெளியே நின்று பாடும் பெரியவர்கள் கூட்டம் உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தது. சிறுமி எழுந்து நின்று, பேசினது போதும், கதவை உடையுங்கள் என்று கத்திவிட்டாள். அந்த அரங்கத்தில் தீக்குச்சி உரசினாலே மேல் படிவரை கேட்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளை சொல்வது நியாயம்தானே என்றார்கள். மறுநாள் கொலைகார ராணியாக நடித்தவள் ரொட்டி வாங்கப் போனபோது, கடைக்காரி ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் நடிப்புக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை என்று அந்த நடிகை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இப்போது வருகிறவர்கள் வேறு ரகம். ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். அலறல் வந்தால் தலையாட்டி ரசிக்கிறார்கள். பிறகு ஆர்கிரோவின் கடையில் ஆட்டுக்கறி தின்றுகொண்டே, போன வருடத்து அலறல் இதைவிட நீளம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு மனிதன் செத்திருக்கிறான், இவர்களுக்கு உப்பு போதவில்லை என்று அவள் அடுக்களையில் முணுமுணுப்பாள்.

முணுமுணுப்போடு நின்றிருந்தால் தொல்லையில்லை. ஒருமுறை மாடியில் ஒரு நடிகர் குளியலறையில் ராஜாவாகச் செத்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தோடு உள்ளே பாய்ந்துவிட்டாள். அவர் துண்டோடு நின்றார். இன்னொரு கோடையில், பிள்ளைகளைக் கொல்லும் தாயாக நடிக்க வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டாள். அந்தக் குழு அறையைக் காலிசெய்து போனது. இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று ஸ்தாதிஸ் அவளைத் தேவமாதா படத்தின் முன் நிறுத்தினான். இனி அலறல் கேட்டு எவர் வீட்டுக்குள்ளும் நுழையமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகு வந்த கோடைகளில் சத்தியத்தைக் காப்பாற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

எதிர் வீடு லாம்ப்ரோஸுடையது. நயமாகப் பேசுகிறவன், இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவான். பெண்டாட்டி வாசோ அதிகம் வெளியே வரமாட்டாள். அவர்களும் மாடியை ஒரு நடிகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் அந்த வீட்டிலிருந்து அலறல் வந்தது.

கடை வாசலில் மல்பெரி மரத்தடியில் மூன்று பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாடிப் பெண் பாடம் பண்ணுகிறாள் என்றான் நாவிதன் மாந்தோஸ். இந்த வருட நாடகத்தில் ராணி பின்பாதியில்தான் சாகிறாள், முதலிலேயே கத்துவானேன் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் கிளியாந்திஸ் சந்தேகப்பட்டார். தொண்டை நல்ல தொண்டை என்றான் ஸ்தாதிஸ். மறுபடி அலறல் வந்தது. மூவரும் கோப்பையோடு அந்தக் கதவைப் பார்த்தபடி யோசனை சொன்னார்கள். பாடவில்லை, அவ்வளவுதான் குறை.

நடிப்பா நிஜமா என்று ஆர்கிரோவுக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் உள்மனம் சொல்லும் என்று எழுதுகிறவர்கள் புளுகுகிறார்கள். நடிப்பாக இருந்தால் மானம் போகும், அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே என்று மட்டும் தோன்றியது. அவள் படியிறங்கினாள்.

"சத்தியம் பண்ணியிருக்கே, ஞாபகம் இருக்கா?" என்றான் ஸ்தாதிஸ்.

"இருக்கு. தேவமாதாவுக்கும் காது இருக்குமில்ல."

தட்டியதும் லாம்ப்ரோஸ் கதவை ஒரு சாண் திறந்தான். சிரித்தான். "என்ன அத்தை, இந்த வெயில்ல? மேல அந்தப் பொண்ணு ஒத்திகை பாக்குது."

"நல்லாக் கத்துறா. நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"தூங்குறா அத்தை."

"கத்தி முடிச்ச கையோட தூங்கிட்டாளா?"

அவன் கதவைத் தள்ளினான். ஆர்கிரோ நல்ல கனம். ஆயுள் முழுக்க அடுப்படியில் ருசி பார்த்துச் சேர்த்த கனம். தோளைக் கொடுத்து நெட்டியதில் அவன் சுவரோடு போய் மோதினான். அடுக்களைத் தரையில், குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வாசோ கிடந்தாள். கழுத்தைப் பொத்தியிருந்த விரல்களுக்கிடையே ரத்தம் வந்துகொண்டிருந்தது. ரொட்டி வெட்டும் கத்தி தொட்டிக்குள் கிடக்க, அதன்மேல் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கிரோ அலறினாள்.

மரத்தடியில் மாந்தோஸ், "உன் பெண்டாட்டியும் நடிக்கக் கிளம்பிட்டாளா?" என்று கேட்டான். ஸ்தாதிஸ் காப்பி மேசையைக் கவிழ்த்துவிட்டு ஓடினான். அப்புறம்தான் மற்றவர்கள் எழுந்தார்கள்.

லாம்ப்ரோஸைப் போலீஸ் கொண்டுபோனது. வாசோவுக்குக் கழுத்தில் தையல் போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். ஊர் வெட்கப்பட்டது. வெட்கப்பட்டு மறு எல்லைக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் ஒரு நடிகர் மெதுவாகச் செத்துப் பார்த்தபோது, மாந்தோஸ் பாதிச் சவரத்தில் இருந்த ஆளை விட்டுவிட்டுக் கத்தியோடு அவர் அறைக்குள் நுழைந்தான். நடிகர் அன்றே ஊரைவிட்டுப் போனார்.

ஆர்கிரோ தினமும் ஆஸ்பத்திரிக்குப் பீச் பழம் எடுத்துப் போனாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான், இருக்காதா பின்னே. ஒருநாள் வாசோ, குரல் கொஞ்சம் திரும்பியதும், மெல்லக் கேட்டாள்.

"நிஜம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது அத்தை?"

"தெரியலடி. தெரியாமத்தான் வந்தேன்."

வாசோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "போன வருஷம் கத்தினப்பவும் தெரியலையா?"

ஆர்கிரோவின் பெருமை போன இடம் தெரியவில்லை. அவள் அந்த அலறலைக் கேட்டிருந்தாள். கரண்டி கையில் நின்றதும், பல்லைக் கடித்ததும் நினைவிருந்தது. வேறு யாராவது போவார்கள் என்றுகூட அன்றைக்கு நினைக்கவில்லை.

"கேட்டுச்சுடி," என்றாள். "நாடகம்னு வச்சுக்கிட்டோம்."

வாசோ பழத்துக்காகக் கையை நீட்டினாள். ஆர்கிரோ அழுதுகொண்டே அதன் தோலை உரித்தாள்.