சத்தமில்லாத கார்டு

அவனுக்கு 'ஒத்தக்காது' என்று பெயர் வைத்தது கொக்கு. கொக்கு அவனை நேரில் பார்த்ததில்லை. அவனும் கொக்கைப் பார்த்ததில்லை. வேறு வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு, கணினியில் ஒரே அணியாகத் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறவர்கள். ஹெட்செட் வழியாகக் குரல் மட்டும் தெரியும். ஆனால் ஒத்தக்காது ஒரு நாளில் வாய்விட்டுப் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அந்தக் குரல்களோடுதான்.

பெயருக்குக் காரணம் இருந்தது. எதிராளி வலப்பக்கமாக வந்தால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிச் சுட்டுவிடுவான். இடப்பக்கமாக யானையே வந்தாலும் அவனுக்குத் தெரியாது. "உனக்கென்ன ஒரு காதுதானாடா?" என்று ஒரு நாள் கொக்கு கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஹெட்செட்டை வலது காதில் மட்டும் வைத்து, இடது காதை வெளியே விட்டிருந்தான். அந்தக் காது அம்மாவுக்கு.

அம்மா பக்கத்து அறையில் படுத்திருந்தாள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். தண்ணீருக்கு ஒரு மாதிரி, துணி ஈரமானால் ஒரு மாதிரி, திருப்பிப் படுக்க வைக்க வேறு மாதிரி. மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். பகலில் சம்பளத்துக்கு ஒரு பெண் வந்து பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் அவள் செருப்பை மாட்டியதும் அவன் முறை. வேளை தவறாமல் திருப்பிப் போட்டான். முதுகைத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தினான். தலையை உயர்த்தி வைத்து, விழுங்கிவிட்டாளா என்று பார்த்துப் பார்த்து ஸ்பூனால் ஊட்டினான். வருடக்கணக்காகப் படுத்த உடம்பில் ஒரு புண்கூட வரவில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கே அது லேசில் கைகூடாது.

அதனால் வெளியே போவது நின்றது. கூப்பிட்டுப் பார்த்தவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். விளையாட்டு வந்தது அப்படித்தான். நாற்காலியை விட்டு நகராமல் பேச ஆள் கிடைத்தது.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். தூக்கத்திலேயே, யாரையும் தொந்தரவு செய்யாமல். அக்கா வந்தாள், சில நாள் இருந்தாள், போனாள். காற்றுப் படுக்கையையும் அதற்குக் காற்றடிக்கும் பம்ப்பையும் வாடகைக்குத் தந்தவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து அவன் மறுபடி கணினியின் முன் உட்கார்ந்தபோது, "எங்கடா தொலைஞ்சே? அம்மா எப்படி இருக்காங்க?" என்றான் கொக்கு.

"தூங்குறாங்க."

எப்போதும் சொல்கிற பதில். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. உடனே திருத்தியிருக்கலாம். மறுநாள் அது கொஞ்சம் கடினமாகியது. ஒரு மாதம் போனபின் எந்த முகத்தோடு சொல்வது? இடது காது வெளியிலேயே இருந்தது.

வேலை செய்த இடத்திலும் முகங்கள் குறைவு. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து தரும் சின்னக் கூடம் அது. பிளாஸ்டர் மாவில் வார்த்த வாய் அச்சுகள் தட்டுத் தட்டாக வரும். யாருக்குக் கீழ்த்தாடை கோணல், யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள் என்பது தெரியும். ஆள் யார் என்று தெரியாது. இரண்டு வெள்ளைப் பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்து, எது அந்த வாய்க்குச் சேரும் என்று பார்ப்பது அவன் வேலையில் பாதி. மீதிப்பாதி முகமூடியைக் கட்டிக்கொண்டு மெருகு மோட்டாரில் தேய்ப்பது. அங்கே பேச முடியாது, பேசினாலும் கேட்காது.

அப்படியிருக்கும்போதுதான் விளையாட்டு புதுப்பதிப்பாக மாறப்போகிறது என்று செய்தி வந்தது. பெரிய நகரம், புகை, மழை, கண்ணாடியில் பிம்பம் எல்லாம் உண்டு. பழைய பதிப்பை மூடிவிடுவார்கள். அவனுடைய கிராபிக்ஸ் கார்டு, அதாவது கணினிக்குள் உட்கார்ந்து படத்தை வரைந்து தருகிற பாகம், அதற்குத் தாங்காது.

"காது, கார்டை மாத்திடு," என்றான் கொக்கு. ஒரே இடத்தில் அசையாமல் நின்று, எதிராளி தலை நீட்டும்வரை காத்திருந்து சுடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். "மாத்தலைன்னா உன் இடத்துல வேற ஆள் வந்துருவான். ஒருத்தன் ஏற்கெனவே கேட்டுட்டிருக்கான்."

"நல்லா ஆடுவானா?"

"ரெண்டு காது இருக்கு."

அணியில் மூன்றாவது ஆள் வாத்தியார். நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர். "தம்பி, அவன் சும்மா சீண்டுறான். ஆனா சீக்கிரம் வாங்கிடுங்க. மூணு பேர்தான் அணி. ஆள் குறைஞ்சா சேர்த்துதான் ஆகணும்," என்றார்.

சீண்டலில் உண்மை இருந்தது என்பது ஒத்தக்காதுக்குப் புரிந்தது. அந்த இடம் போனால் சாயங்காலம் பேச அவனுக்கு ஆளில்லை.

தேடித் தேடி இரண்டு கார்டுகளில் வந்து நின்றான். ஒன்று மூன்று ஃபேன் வைத்தது, செங்கல்லைவிட நீளம். இன்னொன்று இரண்டு ஃபேன் வைத்தது, அடக்கமானது. விலை வித்தியாசம் ஒரு வேளை ஓட்டல் சாப்பாடுதான் வரும். திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைந்து தருகிறது என்பதே பேச்சு. அதற்குப் பிரேம் என்று பெயர். பெரியது சின்னதைவிடக் கால்வாசி கூடுதலாகத் தந்தது. நினைவகமும் அதிகம். கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது என்று பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். சோதனை வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பல வாரம் அவர்களைப் பார்த்தான். ஒருவர் கரகரவென்று பேசுவார், இன்னொருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூக்கை உறிஞ்சுவார். கார்டு விஷயம் என்றோ தெளிவாகிவிட்டது. சாப்பிடும்போது எதிரே ஒரு குரல் இருந்தது என்பதால் தொடர்ந்து பார்த்தான்.

"அந்த ரூமைக் காலி பண்ணிட்டியாடா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"பண்ணணும்க்கா. ஒரு கார்டு வாங்கறதுல இருக்கேன்."

"என்ன கார்டு?"

"கம்ப்யூட்டருக்கு."

"நாப்பத்தஞ்சு வயசுல விளையாட்டுச் சாமான் வாங்கறான் பாரு," என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் கடைக்குப் போனான். நீளமான, குறுகலான கடை. பின்னால் மேஜைமேல் மூடியில்லாத கணினி ஒன்று சோதனைக்காக வயரும் எலும்புமாகக் கிடந்தது. கடைக்காரர் தொப்பைக்காரர், வாயாடி. யாரும் விளையாடாமலே தானாக ஓடுகிற சண்டைக் காட்சி ஒன்றைப் போட்டு, முதலில் பெரிய கார்டை மாட்டிக் காட்டினார். பிரேம் எண் மேலே ஏறியது. ஃபேன்களும் உரத்தன.

"எப்படி? குதிரை!"

"அண்ணே, அந்த ஏசியைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"எதுக்கு?"

"சத்தம் கேக்கணும்."

கடைக்காரர் ஏசியை நிறுத்தினார். ஒத்தக்காது குனிந்து இடது காதைக் கார்டின் பக்கம் வைத்துக் கேட்டான். பிறகு சின்னக் கார்டை மாட்டச் சொல்லி மறுபடி குனிந்தான். காட்சி முழுக்க ஓடி முடிந்தது. சின்னது மூச்சுவிடுகிறதா என்றே தெரியவில்லை.

"இத்தனை வருஷக் கடையில காது வெச்சுக் கார்டு பார்த்த ஆள் நீங்கதான்," என்றார் கடைக்காரர். "டாக்டரா சார்?"

"பல்லு."

"அதுதான் சுத்திச் சுத்திப் பாக்கறீங்க. சார், நான் சொல்றேன், பெரிசை எடுங்க. கொடுக்கற காசுக்கு அதுதான் நிக்கும்."

"சத்தம் ஜாஸ்தி."

"நீங்கதான் ஹெட்செட் மாட்டுவீங்களே! உங்களுக்கென்ன? வீட்ல யாராவது தூங்குறாங்களா?"

"அம்மா," என்றான் அவன்.

சின்னக் கார்டைப் பையில் வாங்கிக்கொண்டு நடந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, கொஞ்ச தூரம் போனபின்தான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. இறங்கித் திரும்பிப் போகவில்லை. சின்னதுதான் கணினிப் பெட்டிக்குள் சரியாகப் பொருந்தும், மின்சாரம் குறைவாக இழுக்கும், சூடாகாது என்று காரணங்களை அடுக்கிக்கொண்டான். எதுவும் பொய்யில்லை.

வீட்டில் மாட்டி ஓட்டினான். கார்டு வாக்குத் தவறவில்லை. சத்தமே இல்லை. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது, ஃபிரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்குவது கேட்டது. பக்கத்து அறைக் கதவு, இடித்துக்கொள்ளாமல் இருக்க அம்மா இருந்த நாளில் அவன் அடியில் மடித்துச் சொருகிய துணியோடு, பாதி திறந்தபடியே நின்றது. அந்த அறையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

புதுப்பதிப்பின் வெள்ளோட்டத்தில் விஷயம் வெட்டவெளிச்சமாகியது. நகரத்துத் தெருவில் புகைக்குண்டு வெடித்ததும் அவன் திரை திக்கித் திக்கி நின்றது. படம் மறுபடி அசைந்தபோது அவன் செத்துக் கிடந்தான், அவனோடு வாத்தியாரும்.

"காது, என்னடா வாங்கினே? மாட்டு வண்டியா?"

"சின்னது."

"பெரிசை வாங்குன்னு தலையில அடிச்சுச் சொன்னேனே! ஏண்டா?"

"சத்தம் வரும்னு..."

"அம்மாவுக்காகவா?" கொக்கின் குரல் இறங்கிப்போயிற்று. "சரி விடு. அது சரிதான். இருக்கறதை வெச்சு ஓட்டுவோம்."

அடுத்த ஆட்டத்தில் கொக்கும் வாத்தியாரும் புகை இல்லாத தெருவாகப் பார்த்து, சுற்று வழியில், அவனுக்காக மெதுவாகப் போனார்கள். தோற்றார்கள். அதற்கடுத்ததும் தோற்றார்கள். யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இறந்துபோன ஒருத்திக்காக இரண்டு பேர் விட்டுக்கொடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். வசவே தேவலை என்று தோன்றியது.

மறுநாள் வேலை முடிந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். வாங்கி ஒரு வாரம் ஆகாததால் மாற்றிக்கொள்ளலாம்.

"என்ன சார், குதிரை வேணுமா?" என்று கடைக்காரர் டப்பாவைத் திறந்து கார்டைப் புரட்டிப் பார்த்தார். "அம்மாவுக்குச் சத்தம் ஆகாதுன்னீங்க?"

"இனிமே பரவாயில்லை."

"பழகிட்டாங்களா?"

"ம்."

பெரிய கார்டு பெட்டிக்குள் நுழைய மறுத்தது. உள்ளே இருந்த ஒரு தட்டைக் கழற்றினான்; பொய்ப்பல்லுக்கு ஈறு தேய்க்கும் சின்ன அரம் வைத்து ஒரு தகரப் பல்லை ராவினான்; பிறகு நுழைந்தது. ஆட்டம் தொடங்கியதும் மூன்று ஃபேனும் எழுந்தன. அம்மாவின் படுக்கைக்குக் காற்றடித்த பம்ப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தம். இந்தச் சத்தத்துக்கு நடுவே வெறும் காதில் எதுவும் கேட்காது. குழாய் கேட்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு ஆள் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது.

ஹெட்செட்டை இழுத்து இடது காதையும் மூடினான். நுரைப்பஞ்சு அந்தப் பக்கம் புதுசாகவே இருந்தது, கெட்டியாக அழுத்தியது.

"டேய், என்னடா அது இரைச்சல்?" என்றான் கொக்கு. "மாவு மில்லுல இருந்து ஆடுறியா?"

"பெரிய கார்டு. மாத்திட்டேன்."

"அட லூசுப்பயலே! மைக்லயே இப்படி இரையுது. அம்மா எழுந்துக்கப்போறாங்கடா! கதவைச் சாத்து முதல்ல."

திரையில் மூவரும் ஒரு கார் ஷெட்டுக்குள் பதுங்கியிருந்தார்கள். மழை தகரத்தில் கொட்டியது. படம் துளியும் திக்கவில்லை.

"காது? கேக்குதா?"

"அம்மா இல்லை," என்றான் அவன். "செத்துட்டாங்க."

இரண்டு பேர் மூச்சும் மைக்கில் கேட்டது. வாத்தியார்தான் முதலில் பேசினார். "எப்போ தம்பி?"

"போன மழையில."

"போன மழையிலயா!" என்றான் கொக்கு. "தினம் கேட்டேனேடா. தினம் தூங்குறாங்க, தூங்குறாங்கன்னியே. நேத்துகூட நாங்க..." கொக்குக்குக் கோபம் வந்திருந்தது, எதன்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. "இத்தனை நாளா அந்த வீட்ல தனியாவா இருக்கே?"

"ஆமா."

அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, அதற்குள் அவன் காதில் ஒன்று விழுந்தது. ஈரத் தரையில் சரக், சரக் என்று, நிறுத்தி நிறுத்தி, இடப்பக்கமாக. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்ட முதல் காலடி.

"இடப்பக்கம் ஆள்," என்றான். திரும்பினான். சுட்டான்.

"அடப்பாவி," என்றான் கொக்கு.

அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். அதற்குமேல் யாருக்கும் ஆட மனம் வரவில்லை. "நாளைக்கு வாடா," என்று கொக்கு இரண்டு முறை சொன்னான். வாத்தியார் தன் போன் நம்பரைச் சொன்னார். ஒத்தக்காது அதைப் போனில் ஏற்றிக்கொண்டான். அவருடைய நிஜப் பெயரைக் கேட்க மறந்து 'வாத்தியார்' என்றே போட்டான்.

அவர்கள் போனபின் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தான். வேலை இல்லாவிட்டால் கார்டு தன் ஃபேனைத் தானே நிறுத்திக்கொள்ளும். மூன்றும் மெதுவாகி, ஒவ்வொன்றாக நின்றன. குழாய்ச் சொட்டு திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கடைக்காரர் காட்டிய சோதனைக் காட்சியைத் தேடிப் போட்டுவிட்டு எழுந்தான். திரையில் யாரும் ஆட்டுவிக்காத சிப்பாய்கள் ஓடினார்கள், சுட்டார்கள், விழுந்தார்கள். ஃபேன்கள் மறுபடி சுழன்று இரைந்தன. பக்கத்து அறைக் கதவுக்கடியிலிருந்த துணியை உருவி, துவைக்கிற துணியோடு போட்டான். அந்த இரைச்சல் கேட்கும் தூரத்தில், சமையலறையில் நின்றபடி, தட்டைக் கழுவினான்.