ஜெசியின் நாக்கை நம்பி

பபேடானில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருக்கும் ஜெசிக்கு ருசி விஷயத்தில் பொய் சொல்ல வராது. தெருவில் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்கார அம்மாவிடம் கூட்டத்துக்கு நடுவே, "இன்னிக்கு மீன் பழசு" என்று சொல்லிவிடுவாள். என் சாம்பாரைப் பற்றி அவள் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவளுக்கு ஊருக்கு வெளியே லைங் தாயாவில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் அம்மா இருதயம்மாளைப் பகலில் நான் பார்த்துக்கொள்வேன். மாலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, ஜெசி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் புருஷன் ஜோஸ் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஜோஸ் தண்ணீர் பம்பு ரிப்பேர்காரர். ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் ஷான் மலையில் இருக்கும் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்துக்குப் பம்பு மாட்டப் போனவர், அங்கே வைன் போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மாவை விட்டு இவளாலும் அசைய முடியாது.

போன மாதம் பஸ்ஸில் ஒரு பாட்டில் வந்தது, அவருடைய பழைய கைலியில் சுற்றி. முதன்முதலாக அவரே முன்னின்று போட்ட வெள்ளை வைன். பின்னாலேயே போனும் வந்தது.

"ஜெசி, மொதலாளி என்னை இங்கயே நிரந்தரமா இருக்கச் சொல்றாரு. இங்க உள்ளவங்க என் மூஞ்சிக்காக நல்லா இருக்கும்பாங்க. நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு. நல்லா இல்லேன்னா எனக்கு இந்தத் தொழில் வராதுன்னு அர்த்தம். மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தாள். கரண்ட் இல்லை. இந்த வைனைக் குளிரவைத்துத்தான் குடிக்க வேண்டுமாம். லத்தா மார்க்கெட்டில் மீன்காரியிடம் ஐஸ் வாங்கி வந்து கழுவோ கழுவென்று கழுவினாள்.

"அப்படியே போடேண்டி, மீன் நாத்தம் அடிக்குதுன்னு சொல்லிடலாம்" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "கோயில்ல அதத்தாங்க்கா வேண்டிக்கிட்டு வந்தேன். வாயில வைக்க முடியாம இருக்கணும்னு" என்றாள்.

கார்க்கைத் திறக்கத் தெரியவில்லை. ஜோஸின் பழைய ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளினாள். எவர்சில்வர் டம்ளரில் ஐஸைப் போட்டு ஊற்றி, ஒரு வாய் எடுத்து, அதை விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விழுங்கினாள். டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பம்ப்ளிமாஸ் பழத்தை அப்போதுதான் உரித்த மாதிரி வாசம். பல் கூசாத புளிப்பு. உள்ளே போனதும் தொண்டையில் லேசாக இனித்தது. இந்த மனிதருக்கா இது வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நல்லாவே இல்லடி" என்றேன். எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும்.

போன் அடித்தது. நான் கையை ஆட்டி, இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று ஜாடை காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

 அந்தப் பக்கத்திலிருந்து, "நெசமாவா? ஜெசி, நெசமாவா?" என்று அவர் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது.

"நான் என்னிக்குங்க பொய் சொல்லிருக்கேன்?"

போனை வைத்துவிட்டு அந்தப் பழைய கைலியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். அதற்குள் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

"இந்த மனுஷன் இதக் கொஞ்சம் மோசமாப் போட்டிருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.