பீரோ நிறைய சால்வை

எங்க வூட்டு பீரோவைத் தொறந்தா சேலை வராது, சால்வைதான் சரிஞ்சு விழும். பச்சை, செவப்பு, ஜரிகை வெச்சது, வெக்காதது. குடியரசு தினம்னா ஒண்ணு, ஸ்கூல் ஆண்டு விழான்னா ஒண்ணு. போத்திக்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது. தலகாணி உறையாவது தைக்கலாம்னு கத்திரிக்கோலை எடுத்தா, "ஐயோ நிர்மலா, அது மரியாதையா குடுத்தது"ன்னு ஓடி வருவாரு எங்க வூட்டுக்காரரு. பேரு தர்மன். பேரைச் சொன்னா என்ன கொறஞ்சு போச்சு இப்போ.

"உங்க வூட்டுக்காரரு என்ன வேலைங்க"ன்னு கேட்டா எனக்கு வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி ஆயிடும். நான் பாலக்கோடு தக்காளி மண்டியில தரம் பிரிக்கிறேன், அதை ஒரே மூச்சுல சொல்லிடலாம். அவரு வேலையை எப்படிச் சொல்றது? பொண்ணை ஸ்கூல்ல சேக்கப் போன எடத்துல, "வயசுப் பசங்களோட பேசறாருங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். அங்க ஃபாரம் எழுதுன ஆளு சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்புறம் யாரு கேட்டாலும் மோட்டார் மெக்கானிக்குன்னு சொல்லிடறது.

அதுவும் பொய் இல்ல. காலையில கெணத்து மோட்டார் பாக்கப் போவாரு. சாயந்திரமானா ஊர் டி.வி. ரூம். பஞ்சாயத்துல கட்டுன ரூம், டி.வி. கெட்டுப்போயி ஆடு கட்டிட்டு இருந்தாங்க. இவரு கழுவி வுட்டு, ஒரு கேரம் போர்டைப் போட்டு, கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காருவாரு. ஃபெயிலானவன், அப்பன் அடிச்சுத் தொரத்துனவன், லவ்வுன்னு மாட்டிக்கிட்டவ, வேற தெருக்காரன் மொறைச்சுட்டான்னு கத்தியோட கெளம்புனவன், எல்லாரும் அங்கதான் வருவாங்க. இவரு புத்தியே சொல்ல மாட்டாரு. கேப்பாரு, அவ்வளவுதான்.

அருள்குமாருன்னு ஒருத்தன். பன்னெண்டாவுது ஃபெயிலாகி, தக்காளிக் காட்டுல பூச்சி மருந்து டப்பாவைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தான். இவரு அதைப் புடுங்கி எறிஞ்சுட்டு, அவனை வண்டி பின்னால ஏத்திக்கிட்டு வாரம் பூரா சுத்துனாரு. மோட்டார் வேலைக்கும் கூட்டிட்டுப் போவாரு, வத்தல்மலைக்கும் கூட்டிட்டுப் போவாரு. மறுபடி பரிட்சை எழுதி பாஸ் பண்ணான். "சமூகப்பணி படிடா. இதையும் ஒரு வேலைன்னு ஒத்துக்கற நாள் வரும். அன்னிக்குப் பட்டம் இருக்கறவன்தான் உள்ள போவான்"ன்னு காலேஜுல சேத்ததும் இவருதான். இவரு காலேஜு வாசலைக்கூட மிதிச்சது இல்ல.

அந்த நாளும் வந்துச்சு. டி.வி. ரூமை இடிச்சுட்டு, வெளியூரு டிரஸ்ட்டு ஒண்ணு டைல்ஸ் போட்டு, கம்ப்யூட்டர் வெச்சு, இளைஞர் மையம்னு கட்டுனாங்க. இளைஞர் பணியாளர்னு போர்டுலயே எழுதி, சம்பளத்தோட ஒரு போஸ்ட்டு. அருள்குமாருக்குக் குடுத்தாங்க. நியாயந்தான், படிச்சிருக்கான். இவருக்கும் ஏதாச்சும் பக்கத்துல ஒரு எடம் இருக்கும்னு ரெண்டு பேருமே நம்பிக்கிட்டு இருந்தோம். தெறப்பு விழாவுக்கு வெள்ளைச் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போனாரு. மேடைக்குக் கூப்புட்டாங்க. "தன்னலமற்ற சேவை"ன்னாங்க. போத்துனாங்கய்யா இன்னொரு சால்வை!

மறுநாள் அருள்குமாரு வூட்டுக்கு வந்தான். என் மூஞ்சியைப் பாக்காம, "அண்ணா, வாட்ச்மேன் போஸ்ட்டு ஒண்ணு இருக்குங்க"ன்னான். கையில இருந்த சொம்பை வீசியிருப்பேன். இவரு பாத்தா சிரிக்கிறாரு. "எந்த போஸ்ட்டா இருந்தா என்ன நிர்மலா? பசங்க அங்கதானே வருவாங்க?"ன்னாரு. காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டாரு, மனுசன்.

பசங்க வந்தாங்கதான். ஆனா கேட்டு தாண்டி உள்ள போகல. இவரு சேரைச் சுத்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. உள்ள கம்ப்யூட்டர் சும்மா கெடந்துச்சு. டிரஸ்ட்டுல இருந்து வந்தவங்க இதைப் பாத்துட்டாங்க. அன்னிக்கு அருள்குமாரு கேட்டுக்கு வந்து, "தப்பா நெனைக்காதீங்கண்ணா. பயிற்சி இல்லாதவங்க பசங்க பிரச்சினையைப் பேசக் கூடாதுன்னு ரூல் இருக்கு. பசங்க பாதுகாப்புக்குத்தான். யாராச்சும் வந்தா உள்ள அனுப்பிடுங்க"ன்னு சொன்னான். அவன் கண்ணு கலங்கிப் போச்சுன்னு இவரே சொன்னாரு. கலங்கி என்னா பண்றது?

அதுக்கப்புறம் ஒரு நாள் சோறு கொண்டு போனேன். ஐஸ்வர்யா, மேலத் தெரு பொண்ணு, காலேஜு ரெண்டாவுது வருசம், சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாம நிக்கிறா. அழுது மூஞ்சி வீங்கியிருக்கு. "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"ங்கறா. இவரு எழுந்து நின்னு, "உள்ள சார் இருக்காரும்மா, அவருகிட்ட சொல்லு"ன்னாரு. "அவருகிட்ட என்னண்ணா சொல்றது, எனக்கு அவரோட பழக்கமே இல்லையே"ன்னா. "நல்ல பையன்தாம்மா, போ"ன்னாரு. அவ சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. இவரு கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சோறு ஆறுதுன்னேன், காதுலயே வாங்கல.

போன வாரம் மண்டியில இருந்து பஸ்ஸுல வர்றேன், முன் சீட்டுல ஐஸ்வர்யா. கழுத்துல புதுத் தாலி, மஞ்சள்கூடக் காயல. பக்கத்துல அவ வயசுக்கு ரொம்பப் பெரிய ஆளு ஒருத்தன் தூங்கிட்டு வர்றான். "காலேஜு?"ன்னேன். இல்லன்னு தலையை ஆட்டுனா. "அண்ணன் நல்லா இருக்காருங்களாக்கா"ன்னு கேட்டா.

வூட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டேன். "ஏங்க, ரோட்டுக்கு வந்து ரெண்டு நிமிசம் என்னான்னு கேட்டிருக்கக் கூடாதா? ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ராவும் பகலும் ஓடுனீங்களே, அந்தப் புள்ளைக்கு என்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

அவரு காக்கிச் சட்டையைக் கழட்டி மடிச்சு பீரோவுல சால்வைங்க மேல வெச்சாரு. என் பக்கம் திரும்பவே இல்ல.

"அப்போ ட்யூட்டில இருந்தேன் நிர்மலா"ன்னாரு.