பேப்பர் இல்லாத பச்சை வண்டி

பழைய மோட்டார் விற்கும் தொழிலில், வண்டி ஓடுமா என்று கேட்பவரைச் சமாளித்துவிடலாம். இது யாருடைய வண்டி என்று கேட்பவரிடம்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களில் பழைய வண்டி வாங்கியவர்கள் இருப்பீர்கள், விற்றவர்களும் இருப்பீர்கள். இருவருக்கும் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்து வசவையும் கேட்டவர்கள் யாராவது இருந்தால், நான் பட்டது அவர்களுக்குப் புரியும்.

துரை விட்டுப் போனது

பி.ஏ. முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலத்தில், மலையாள நாட்டுத் தம்பானூர்ப் பக்கம் ஒரு பழைய மோட்டார்க் கடையில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை நிறுப்பவர். மோட்டார்க் கடையில் எனக்கு முன்பே மாதவன் என்று ஒரு மலையாளி இருந்தான். என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். எனக்கு வண்டியின் கதவைத் திறக்கத் தெரியும்.

உலகச் சண்டை தொடங்கியதும் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறினார். அவருடைய பச்சை வண்டியைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் மூலம் எங்கள் முதலாளி வாங்கிவிட்டார். வண்டி மலையிறங்கி வந்தது. அதன் ரிஜிஸ்டர் சீட்டு துரையின் பெட்டிக்குள் கிடந்து அவரோடு போய்விட்டது. அந்தப் பேப்பர் இல்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வியாபாரமும் அப்போது மந்தம். இரண்டு பேருக்குச் சம்பளம் கட்டாது, பச்சை வண்டியை யார் விற்கிறானோ அவன் இருக்கலாம், மற்றவன் வேறு இடம் பார்க்கலாம் என்று முதலாளி எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார். பேப்பர் இல்லையே என்று நான் இழுத்தேன். அவர் திருநெல்வேலிக்காரர். "பேப்பர் வரும்போது வரட்டும் வே. வண்டி வந்துட்டுல்லா?" என்றார்.

ஜாதகம்

முதலில் வந்தவர் ஒரு வக்கீல். நான் முந்திக்கொண்டேன். வண்டியின் மேல் போட்டிருந்த துணியை எடுப்பதற்கு முன்பே, "சார், இதற்குப் பேப்பர் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்து அவர் சண்டைக்கு வரக்கூடாதே என்ற பயம். வக்கீல் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மாதவன் தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவன் வேட்டியில் எண்ணெய்க் கறை ஒட்டி நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பொறுக்காது. அவன் சொன்னான்: "எந்தா பி.ஏ. சாரே, பெண்ணு காணான் வந்த ஆளிடம், பெண்ணைக் காட்டும் முன்னே ஜாதகம் இல்லைன்னு பறையலாமோ?"

ஊர் அறிந்த ஹாரன்

அடுத்த ஆளை நானே கொண்டுவந்தேன். அப்பா வேலை பார்க்கும் அரிசி மண்டியின் முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நேர் எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த அவருடைய சகலை, அந்த ஓணத்துக்குத்தான் ஒரு கார் வாங்கியிருந்தார். சகலை தினமும் கடைவாசலில் காரை நிறுத்தி, இறங்காமல் உள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாராம். அண்ணாச்சிக்கு அதிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று அப்பா சொன்னார். பொறாமையால் சோறு இறங்காதவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மாதவன் ஓட்ட, அண்ணாச்சி பின்னால் சாய்ந்து உட்கார, சங்குமுகம் கடற்கரை வரை போய்த் திரும்பினோம். அந்த நாளில் ஊரில் இருந்த கார்களைக் கண்ணை மூடிக்கொண்டே ஹாரனை வைத்துச் சொல்லிவிடுவார்கள். பச்சை வண்டியின் ஹாரன் எருமைக்கன்று கத்துவது மாதிரி இருக்கும். சத்தம் கேட்டதும் வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் சலாமே போட்டார். அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினார். வண்டியை முடிப்பார் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். ஜவுளிக்கடை வாசலில் நின்ற சகலை, தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டார்: "என்ன அண்ணாச்சி, துரை வண்டியை இரவல் வாங்கிட்டு வந்திருக்கியளா?"

நான் சொன்ன உண்மை

அண்ணாச்சி வண்டி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நான் கொண்டுவந்த ஆளும் போய்விட்டார். மறுவாரம் அவரை மாதவன் கடைக்குக் கூட்டிவருகிறான்! இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, அண்ணாச்சி பெயர் நட்சத்திரம் சொல்லித் தேங்காய் உடைத்துவிட்டால், அது யார் வண்டி என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொள்ளும் என்பது மாதவனின் யோசனை. எங்கள் ஊரில் புது வண்டி முதலில் அங்கேதான் போகும். அங்கே தேங்காய் உடைத்தவனை வண்டிக்குச் சொந்தக்காரன் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இவ்வளவு எளிதான ஒன்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அதோடு, பேப்பர் பற்றி மாதவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, இந்த வண்டி சட்டப்படி இன்னும் துரை பெயரில்தான் இருக்கிறது. பேப்பர் இல்லை." உண்மைக்காகச் சொன்னேனா, மாதவன் ஜெயிக்கக்கூடாது என்று சொன்னேனா என்று கேட்காதீர்கள். மாதவன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"இது எங்க சகலைக்குத் தெரியுமா வே?"

"தெரியாது, அண்ணாச்சி."

"அப்போ நீரும் மறந்துரும்."

தேங்காய்

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை நடந்தது. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், ஹாரனுக்கும் ஒரு பொட்டு. சகலையின் கண் முன்னால் நடக்கவேண்டும் என்று அவருக்குத் தனியாக ஆள் அனுப்பி அழைத்திருந்தார் அண்ணாச்சி. அவரும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அண்ணாச்சி சந்தோஷத்தில் நேரியது என்னும் கரை போட்ட மேல்துண்டு ஒன்றை மாதவன் தோளில் போர்த்தினார்.

கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். அரிசித் தூசி படிந்த துண்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நாளையோடு எனக்கு வேலை போகிறது என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மாதவனையே வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்: "கெட்டிக்காரப் பையன்டா இவன்."

மலையில் கேட்டது

சனிக்கிழமை நான் மேஜையைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிற நேரம், அண்ணாச்சி மூச்சு வாங்க வந்தார். அன்று காலையில் சகலை தன் வண்டியின் பேப்பருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஜவுளிக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாராம். வருகிறவர்களிடம் எல்லாம், "எதிர்க்கடையிலயும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்கிறாராம். மாதவன் தேநீர் குடிக்கப் போனவன் திரும்பவில்லை. அண்ணாச்சி எங்கள் முதலாளியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். "அன்னைக்கு உண்மையைச் சொன்னவரு நீரு ஒருத்தர்தான். பேப்பரை நீரே வாங்கித் தாரும்."

பொன்முடி அடிவாரத்து விதுரா வரை பஸ்ஸில் போனேன். அதற்கு மேல் தேயிலை ஏற்றப் போன லாரி. மழை, கணுக்காலில் அட்டை. பழைய துரை தன் காரியங்களைப் பார்க்கும் அதிகாரத்தைத் தன் இடத்துக்கு வந்த புதுத் துரைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டு தொலைந்தது என்றும், வண்டி விற்றது உண்மை என்றும் நான் இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். புதுத் துரை படித்து, ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். பி.ஏ. படித்ததற்கு அன்றுதான் பலன் கண்டேன். வெளியே வந்தபோது தோட்டத்து ரைட்டர் ஒரு கிழட்டு நாயைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இது யாருக்குன்னு துரை எழுதி வச்சுட்டுத்தான் போனார். காரைத்தான் மறந்துட்டார்."

கண்ணாடிச் சட்டம்

சர்க்கார் கச்சேரிக்கு நடையாய் நடந்து, ஒரு வழியாக அண்ணாச்சி பெயரில் புதுச் சீட்டு வாங்கினேன். சகலையின் சட்டத்தைவிடப் பெரிய சட்டமாகப் பார்த்து மாட்டினார் அண்ணாச்சி. பச்சை வண்டி மாதிரி பேப்பர் இல்லாத வண்டிகள் இன்னும் எத்தனையோ மலையிறங்கி வரும் என்று முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. "அவன் விக்கட்டும், நீரு பேப்பர் வாங்கும்" என்று இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்.

வேலை நிலைத்த சந்தோஷத்தைவிட, மாதவனின் முகம் வாடியதில் எனக்குச் சந்தோஷம் அதிகம். அவன் நேரியதை மடித்து மேஜைமேல் வைத்தான். "வண்டி விற்றது ஞான். சாலை முழுக்க, பி.ஏ. வாங்கித்தந்த வண்டின்னல்லே பறையுன்னது? இது நியாயமோ?"

அந்தப் பச்சை வண்டி இப்போது சட்டப்படி அண்ணாச்சி வண்டி, ஹாரனைக் கேட்கும் ஊருக்கு இன்னும் துரை வண்டி, மாதவனுக்கு அது என் வண்டி, எனக்கோ இன்றுவரை அது மாதவன் விற்ற வண்டி.