வெள்ளை நாயைக் காணவில்லை

மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு நாற்பது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பகலில் அடித்த வெயில் காம்பவுண்டுச் சுவரிலிருந்து இன்னும் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. மாரியம்மன் நோம்பிக்கு வாணம் விட்டவர்கள் அதை நேராக நிறுத்தாமல் சாய்த்து வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். அது தெருவைக் கடந்து வந்து, எங்கள் வாசலில் நாய் படுத்திருந்த இடத்துக்கு மூன்றடி தள்ளி வெடித்தது. எங்கள் கேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எட்டுக் கிலோ நாய் அதில் நுழையாது என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். நுழைந்து போய்விட்டது.

நாயின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு அதே பெயர். ஏற்கெனவே அவர்கள் வீட்டில் வருத்தம். வெள்ளைப் பொமரேனியன், மூக்கு மட்டும் கறுப்பு. அதற்கு வலிப்பு நோய் உண்டு. காலை எட்டு மணிக்கு அரை மாத்திரை, இரவு எட்டு மணிக்கு அரை மாத்திரை. “ஒரு வேளை விட்டாச் சமாளிக்கும் சார். ரெண்டு வேளை விட்டா நான் ஒண்ணும் சொல்ல முடியாது” என்று ராசிபுரத்துக் கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரை பதினொரு முறை வலிப்பு வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். எதுவும் தொண்ணூறைத் தாண்டியதில்லை. விழும், காலை உதைக்கும், வாயில் நுரை வரும், பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கும். வீட்டில் எங்களுக்கு அது பழகிப்போன சங்கதி. வெளியில் அப்படியில்லை.

அதை என் மனைவிதான் வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து அன்றைக்கு ஐந்தாம் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, தூசியில் போகக் கூடாது.

“ஏனுங்க, எங்காச்சும் உழுந்து நொரை தள்ளுச்சுன்னா வெறி நாயின்னு அடிச்சே கொன்னு போடுவாங்களே.”

“அழாதே அம்மிணி. கண்ணுக்கு ஆகாது.”

“நான் எங்கீங்க அழறேன்? நீங்க மொதல்ல போயித் தேடுங்க.”

கால் போன வரைக்கும் தேடினேன். நோம்பிக் கூட்டத்தில் நாயைக் கூப்பிட்டால் ஒலிபெருக்கிக்கு மேல் யாருக்குக் கேட்கும்? எட்டு மணிக்கு அவள் தயிர்ச்சோற்றை உருட்டி, உள்ளே மாத்திரையை வைத்து, கேட்டுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்தாள். காலையில் அந்த உருண்டையில் எறும்புதான் இருந்தது. முதல் வேளை தவறிவிட்டது. காலை எட்டு மணிக்கு இரண்டாவதும் தவறியது.

எட்டரைக்கெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கலரில் அடித்தால் தாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய், கறுப்பு வெள்ளையில் இரண்டு. கறுப்பு வெள்ளையில் நூற்றைம்பது அடித்தேன். படத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை என்பதால் மேலே கொட்டை எழுத்தில் ‘வெள்ளை நாயைக் காணவில்லை’ என்று போடச் சொன்னேன். ‘வலிப்பு நோய் உண்டு, வெறி அல்ல’ என்று இரண்டாவது வரி. சன்மானம் ஆயிரம். கடைக்காரர் அதையே ஊரிலுள்ள மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிட்டார்.

முதல் அழைப்பு சேந்தமங்கலம் ரோட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து. ஸ்கூட்டரில் ஏழு கிலோமீட்டர் போனேன். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு வெள்ளை நாட்டு நாய் வரப்பில் நின்று என்னைப் பார்த்தது.

“இதுங்களா?” என்றார் தோட்டக்காரர்.

“ஏங்க, படத்துல இருக்கறது இதுல கால்வாசி கூட இருக்காதே.”

“வெள்ளைன்னு போட்டீங்க, சரி. உசரம் போடலீங்களே.”

இரண்டாவது அழைப்பில் ஓர் இளவட்டம், சன்மானத்தைக் கையில் கொடுப்பீர்களா, போனில் அனுப்புவீர்களா என்று கேட்டான். நாய் இருக்கிறதா என்றேன். “இல்லீங்க, கெடைச்சாக் குடுக்கலாமுன்னு மொதல்லயே கேட்டு வெச்சுக்கறேன்.” மூன்றாவது, மஞ்சள் மண்டித் தெரு டீக்கடையிலிருந்து. “சார், வெள்ளை நாயி ஒண்ணும் கண்ணுல படுலீங்க. மஞ்ச நாயி ஒண்ணு சுத்துது, வேணுங்களா?” பின்னால் நான்கைந்து பேர் சிரித்தார்கள். வயதானவனிடம் விளையாடாதே தம்பி என்று வைத்துவிட்டேன். பதினொன்றரைக்கு ஒரு பெண். பாலிஷ் களத்துக்கு எதிர்வீடாம்.

“நல்லாக் கொசுகொசுன்னு முடிங்க. காது கூட அதே மாதிரி. ஆனா மஞ்சக் கலருங்க.”

“நோட்டீசைப் படிச்சீங்களா அம்மா? வெள்ளை.”

“படிச்சதுனாலதானுங்க சந்தேகமாக் கேக்கறேன்.”

அதையும் வைத்துவிட்டேன். அப்போது என் தலையில் ஓடியது ஒரே கணக்கு: இரண்டாம் வேளை தவறி மூன்றரை மணி நேரம். மண்டித் தெரு, பஸ் நிலையம், முட்டை லாரிகள் நிற்கும் இடம் என்று ஒவ்வொரு சுவராக ஒட்டினேன். லாரிகளுக்கு அடியில் குனிந்து பார்த்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. எங்கே நாலு பேர் கூட்டமாக நின்றாலும் நாயைத்தான் சுற்றி நிற்கிறார்களோ என்று ஓடுவேன். கிட்டே போய்ப் பார்த்தால் லாட்டரி பேசிக்கொண்டிருப்பார்கள், அல்லது வாடகை.

இரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்வை கீழே போனது.

“என்னங்க வேட்டி ஓரமெல்லாம் மஞ்சளாக் கெடக்குது?”

“மண்டித் தெருவுல நடந்தேன். மஞ்சள் பாலிஷ் போடற சீசனாச்சே. டிரம் சுத்தற தூசி தெரு பூராவும்...”

வேட்டி ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“காலையில இருந்து எத்தனை பேரு மஞ்ச நாயின்னு கூப்பிட்டாங்க?”

“ரெண்டு பேர்.”

“ரெண்டு பேரையும் திட்டிப் போட்டீங்க.”

களத்துக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் எண்ணைத் தேடி அழைத்தேன். என் குரல் கேட்டதும், “வெரசா வாங்க சார்” என்றாள். “சாக்கு அடுக்கின அட்டிக்கு அடியில பூந்து கெடந்துச்சு. இப்ப வெளிய வந்து உழுந்து இழுத்துக்குது. வெறி புடிச்சிருச்சுன்னு கம்பி எடுக்கறாங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டேங்கறாங்க.”

மனைவி ஒரு சின்ன டப்பாவை என் சட்டைப் பையில் திணித்தாள். தயிர்ச்சோறு. காலையிலிருந்து உருட்டி வைத்திருந்தது. களம் எங்கள் வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர்தான். எதிர்த்திசையில் ஏழு கிலோமீட்டர் போனவன் நான்.

களத்தில் டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேர் வட்டமாக நின்றார்கள். ஒருவர் கையில் கொக்கி, ஒருவர் கையில் கடப்பாரை நீளத்துக்கு இரும்புக் கம்பி. நடுவில் தூசிக் குவியலில் ஒரு நாய் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மூக்கைத் தவிர உடம்பு முழுக்க மஞ்சள். பல் கிட்டியிருந்தது. நுரை கூட மஞ்சளாக வழிந்தது. ஒரு கணம், இது நம் நாய் இல்லை என்று எனக்கே தோன்றிவிட்டது.

“அது என் நாய். அடிக்காதீங்க!”

“உங்குளுது வெள்ளைன்னுதானுங்க போட்டிருக்குது” என்று கம்பிக்காரர் சுவரைக் காட்டினார். மதியம் நானே ஒட்டிய தாள். “தள்ளிப் போங்க பெரியவரே. கடிச்சா பதினாலு ஊசி.”

“பதினாலெல்லாம் அந்தக் காலம். இது வெறியில்லைங்க, வலிப்பு. தாள்ல ரெண்டாவது வரியைப் படிங்க.”

“தாள்ல ஆயிரம் எழுதலாமுங்க. எம் புள்ளைய இது கடிச்சா, தாளு வந்து ஊசி போடுமா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் நடுவில் இருந்தால் கம்பியை ஓங்க முடியாது. வயிற்று முடியைப் பிளந்து காட்டினேன். அடியில் தோலை ஒட்டி வெள்ளையாக இருந்தது. கொக்கிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“தொண்ணூறு எண்ணறதுக்குள்ள எந்திரிச்சுரும்” என்றேன். “எந்திரிக்கலைன்னா உங்க இஷ்டம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். எண்ணத் தொடங்கினேன். கொக்கிக்காரர் தன்னையறியாமல் மூட்டைக்கு எண்ணுவதைப் போல, “லாபம்... ரெண்டு... மூணு...” என்று கூடவே இழுத்தார். அவர்கள் ஒன்றை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள். நாற்பது வரும்போது நான்கு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். எழுபது. எண்பது. கால் நிற்கவில்லை. எண்பத்தொன்பது, தொண்ணூறு. யாரும் நிறுத்தவில்லை, கம்பிக்காரரும் நிறுத்தவில்லை. ஆனால் கம்பி தரையிலிருந்து மேலே வந்திருந்தது. நூறில் என் குரல் எனக்குக் கேட்கவில்லை. நூற்றுப் பதினொன்றில் பின்கால் ஒன்று நின்றது. நூற்றுப் பதினான்கில் எல்லாம் நின்றது. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

தலையைத் தூக்கியது. வலிப்பு வந்தால் கொஞ்ச நேரத்துக்கு யாரையும் அடையாளம் தெரியாது; என்னைத் தாண்டிப் போய்ச் சாக்கில் முட்டிக்கொண்டது. எதிர்வீட்டுப் பெண் ஒரு குண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தது. அப்புறம்தான் என் சட்டைப் பையை முகர்ந்தது. உருண்டையைக் கையில் வைத்து நீட்டினேன், மாத்திரையோடு விழுங்கியது.

கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் கேட்டார்: “நோட்டீசுல வெள்ளை நாயிக்குத்தானுங்களே ஆயிரம்? மஞ்ச நாயிக்கு எவ்வளவுங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரத்தைக் கூப்பிட்ட பெண்ணிடம் கொடுத்தேன். கொக்கிக்காரர் நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ராசிபுரம் மருத்துவர் வரைக்கும் வந்தார். ஊசி போட்டார்கள்.

வீடு திரும்பியபோது ஆறு மணி. மஞ்சளைப் பார்த்து அவள் பயந்துவிடுவாளோ என்று சாக்கை மெதுவாகப் பிரித்தேன். அவள் கை உடனே அதன் காதுக்குப் போனது.

“ஆபரேசனுக்கு முந்தி எனக்கு ரெண்டு வருசமா இவன் இந்தக் கலராத்தானுங்க தெரிஞ்சான்” என்றாள். “என்னையக் கேட்டிருந்தாக் காலையிலயே சொல்லியிருப்பேன்.”

அப்போதுதான் அழுதாள். தடுக்க முடியவில்லை.

மறுநாள் குளிப்பாட்டினோம். சோப்புப் பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறி வாசலில் ஓடியது. பக்கத்து வீட்டம்மாள் அலறிக்கொண்டு வந்தாள். மூன்று குளியலுக்குப் பிறகும் அது எலுமிச்சை நிறத்தில்தான் திரிந்தது.

நோட்டீஸ் முந்நூறு, பெட்ரோல் நூற்றெண்பது, சன்மானம் ஆயிரம், நான்கு பேருக்கும் டீ, போண்டா நூற்று முப்பது, மருத்துவர் அறுநூறு, ஷாம்பு இருநூற்றிருபது. மனைவி அழுததற்குப் புதுச் சொட்டு மருந்து நூற்று அறுபத்தைந்து. வேட்டி ஐந்நூற்று நாற்பது, கறை போகவில்லை. கேட்டுக்கு அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்ய எண்ணூற்றைம்பது. ஆக மொத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ரூபாய்.