ஓர்கனுக்கு எழுதிய காப்புறுதி

கலியாணம் முடிந்து குருநகரில் தனி வீடு எடுத்துப் போனபோது அயலில் இருந்த பெண்கள் எனக்கு ஒரு எச்சரிக்கை சொன்னார்கள். என் கணவர் பகலில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிற்பவர். சனி ஞாயிறுகளில் ஒரு இசைக்குழுவில் வாசிப்பவர். அந்தக் குழுவில் அரியாலையிலிருந்து வந்து பாடுகிற ஒரு பெண் இருந்தாள். வடிவானவள், நல்ல குரல். "பிள்ளை, அவளிலை ஒரு கண் வைச்சிரு" என்றார்கள். நான் அவளோடு பழகினேன். ஒத்திகைக்கு வந்தால் திருக்கை மீன் வறை செய்து சோறு போட்டேன். அவள்மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை வரவில்லை. பொறாமை வந்தது வேறு ஒன்றின்மேல். அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அது ஜெர்மனியில் இருந்த அவருடைய அண்ணை அனுப்பிய ஓர்கன், கட்டைகளை அழுத்தி வாசிக்கிற மின் வாத்தியம். அதுவரை அவர் குழுவுக்குச் சொந்தமான ஒரு பழைய அக்கோடியனைத்தான் வாசித்தார். அதன் பாதிக் கட்டைகள் ஒட்டிக்கொண்டு மேலே வராது. எண்பத்தைந்தாம் ஆண்டு, கொழும்பிலிருந்து வந்த லொறியில் அந்த ஓர்கன் பெட்டியோடு வந்து இறங்கியது. நான் அப்போது வயிற்றில் பிள்ளையோடு வாசலில் நின்றேன். பெட்டியைத் திறந்து, பொலித்தீனை உரித்து, அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். பிறக்கப் போகிற பிள்ளையை இப்படித்தான் தூக்குவார் என்று அன்றைக்கு நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கடையால் வந்தால் முன்னெல்லாம் நேரே குசினிக்குள் வருவார். கறிச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே கதைப்பார். ஓர்கன் வந்த பிறகு நேரே கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்த கையால் அதைத் தொடக்கூடாதாம். என்னைத் தொடுவதற்கு அந்தக் கை ஒருநாளும் கழுவப்படவில்லை. நான் புதுச் சட்டை தைத்துப் போட்டால் அவருக்குத் தெரியாது. ஓர்கனில் ஒரு கட்டை கொஞ்சம் மெல்ல எழும்பினால் உடனே தெரியும்.

காப்புறுதி ஏஜென்ற் ஒருவர் எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் தோற்பையோடு வீடு வீடாகப் போவார். ஒருநாள் எங்கள் விறாந்தைக்கும் வந்தார்.

"தம்பி, குடும்பம் ஆயிட்டுது. பிள்ளையும் வரப்போகுது. உயிருக்கு ஒண்டு எழுதுவமே?"

நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

"உயிர் கிடக்கட்டும் அண்ணை. ஓர்கனுக்கு எழுதலாமோ?" என்றார் என் மனிசன்.

தேத்தண்ணி கோப்பையை விட்டு வெளியே ஊற்றுப்பட்டது.

ஏஜென்ற் முதலில் சிரித்தார். பிறகு கந்தோரில் கேட்டுச் சொல்வதாகப் போனார். அடுத்த ஞாயிறு பத்திரங்களோடு வந்தார். எழுதலாமாம். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. ஓட்டுக்கூரை போட்ட அறைக்குள்தான் வைக்கவேண்டும், தென்னோலைக் கிடுகுக்குக் கீழே வைக்கக்கூடாது. யன்னலுக்குக் கம்பி வேண்டும். கதவுக்குப் பூட்டு வேண்டும். அடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் கிட்ட இருக்கக்கூடாது.

"வெளியிலை நிகழ்ச்சிக்குக் கொண்டுபோறதுக்குப் புறம்பாய்க் காசு கட்டவேணும் தம்பி. வாகனத்திலையும் மேடையிலையும் பொறுப்பான ஒரு ஆள் எந்த நேரமும் பக்கத்திலை இருக்கவேணும். அதைத் தனிய விட்டிட்டு நீர் சாப்பிடப் போன நேரம் களவு போனால் ஒண்டும் வராது."

"நெருப்பு, மழை, களவு எல்லாத்துக்கும் வருந்தானே?"

"ஓம். சண்டைக்கு மட்டும் வராது. குண்டு, ஷெல், கலவரம் உதுகளுக்கு எந்தக் கந்தோரும் எழுதாது. இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு என்னோடை கோவிக்கக்கூடாது."

எங்கள் வீட்டில் ஓடு போட்ட அறை ஒன்றுதான். நாங்கள் படுக்கிற அறை. மற்ற எல்லாம் கிடுகு. யன்னல் கம்பியும் பூட்டும் வந்தன. என் சேலைப் பெட்டியும் மாதா சுரூபமும் வெளியே போயின. விளக்கு கொண்டுவரக்கூடாது என்பதால் பொழுதுபட்ட பிறகு அந்த அறைக்குள் நான் தடவித் தடவித்தான் நடந்தேன். மாரி தொடங்கியபோது ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. ஓர்கனுக்கு மேலே இருந்த ஓட்டை அன்றைக்கே ஏறி மாற்றினார். என் தலைமாட்டில் சொட்டியதற்கு ஒரு சட்டியை எடுத்து வைத்தார்.

மகன் பிறந்தான். சேலையில் ஏணை கட்ட அறைக்குள் இடமில்லை. விறாந்தைக் கூரை வளையில் கட்டினோம். பிள்ளை அழுதால் நான் எழும்பி வெளியே போவேன். ஓர்கன் மெல்லிய துணியால் மூடுண்டு, பூட்டின அறைக்குள் கிடக்கும். அந்தத் துணி என் கலியாணச் சட்டைக்கு வாங்கி மிஞ்சின துணி. நான் கொடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் நண்டு பிராண்டுகிற மாதிரி இருக்கும். என் வீட்டுக்குள் வந்து என் துணியை உடுத்திக்கொண்டு என் அறையில் இருக்கிற ஒருத்தியைப்போல்தான் அது எனக்குத் தெரிந்தது.

மகன் தவழத் தொடங்கிய காலத்தில் மயிலிட்டியில் ஒரு கோயில் பெருநாள் வந்தது. அந்த நாட்களில் பயத்தினால் நிகழ்ச்சிகளைப் பின்னேரமே வைத்து, இருட்டுமுன் முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற பொறுப்பான ஆளாக வழக்கமாகப் போகிற அவருடைய கூட்டாளிக்குக் காய்ச்சல்.

"இஞ்சாரும், நீர் வாருமன். சும்மா பக்கத்திலை இருந்தால் காணும்" என்றார்.

கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னை ஒரு நிகழ்ச்சிக்கும் கூட்டிப் போனதில்லை. இப்போது கூப்பிடுவது எதற்கு என்று தெரிந்தும், இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனேன்.

கடற்கரை வெளியில் பனைமரக் கால் நட்டுக் கிடுகுப் பந்தல் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். முதற்பாதி நன்றாக நடந்தது. அவர் வாசித்தபோது முன்னால் இருந்த சனம் எழும்பி நின்று கை தட்டியது. நான் மேடையின் பின்பக்கத்தில் மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவருடைய முதுகும் அதன் வெள்ளைக் கட்டைகளும்தான் எனக்குத் தெரிந்தன. இடைவேளையில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். அவர் போகும்போது, "தள்ளிப் போயிடாதையும்" என்றார்.

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். நான் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளை, அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். கூப்பிட வாயெடுக்கமுன்னர் காற்று அடித்தது. பந்தலின் ஒரு பக்கம் அப்படியே தூக்கி எறிபட்டது. மழை கல்லெறிவதுபோல விழுந்தது. பின்பக்கக் கால் ஒன்று சரிந்து என் தோளில் விழ, பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புறக் குனிந்தேன். முதுகில் கிடுகு.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஓடிவருவது தெரிந்தது. சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒரு காலில் செருப்பில்லாமல், எங்களை நோக்கி ஓடிவந்தார். எனக்கு நோ மறந்துபோயிற்று. "இஞ்சை, இஞ்சை!" என்று கையை நீட்டினேன்.

அவர் என்னைக் கடந்து போய், மேடையில் கிடந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்து ஓர்கன்மேல் போட்டார். அதற்கு மேல் தானும் விழுந்து படுத்தார்.

என்னைக் கிடுகுக்குள்ளிருந்து இழுத்து எடுத்தவள் மயிலிட்டிக்காரி ஒருத்தி. பெயர்கூடத் தெரியாது. பிள்ளையை வாங்கித் தன் சேலைக்குள் சுற்றிக்கொண்டாள். மழை விட்ட பிறகு அவர் படங்கைத் தூக்கிப் பார்த்து, "ஒரு துளி படேல்லை!" என்று குழுவினருக்குச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "உமக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டார்.

அடுத்த நாள் விடிய, வீங்கின தோளோடு மகனைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த என் தகப்பன் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு பூசை முடிய அவர் வந்தார். என் ஐயா வாங்கில் இருந்து சுருட்டுப் பற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டை வாரும். உங்கள் ரண்டு பேரையும் பார்க்காமல் இருக்கேலாமல் கிடக்கு."

"அண்டைக்கு ஏன் அதிலை போய் விழுந்தனீங்கள்?"

"தண்ணி உள்ளுக்குப் போனால் எல்லாம் போச்சு. திருத்த இஞ்சை ஆளும் இல்லை."

"நனைஞ்சால் காசு வருமெண்டுதானே மாசாமாசம் கட்டுறியள்? கட்டினதை விட்டிட்டுக் கட்டாததையெல்லோ முதல் தூக்கவேணும்? எனக்கு என்ன கட்டி வைச்சிருக்கிறியள்? பிள்ளைக்கு என்ன கட்டி வைச்சிருக்கிறியள்?"

ஐயாவுக்குச் சிரிப்போ இருமலோ, சுருட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவர் மெல்லச் சொன்னார்: "நான் உம்மட்டைத்தான் ஓடிவந்தனான். சத்தியமாய் உம்மட்டைத்தான். கிட்ட வரேக்கை கை அங்காலை போயிட்டுது."

பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் உண்மை சொன்னார். என்னை விரும்பாத மனிசன் என்றால் விட்டுவிடலாம். விரும்பி ஓடிவருகிறவரின் கை வேறு பக்கம் போனால் யாரிடம் போய் முறையிடுவது? அன்றைக்குப் பின்னேரம் அவரோடு வீட்டுக்குப் போனேன். ஏணையை அவர் அறைக்குள் கட்டினார். அதற்காக ஓர்கனைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைத்தார். மனம் கொஞ்சம் ஆறியது. முழுக்க ஆறவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு பகலிலும் வளவில் வெட்டின பங்கருக்குள் இருக்கவேண்டியதாயிற்று. ஒரு காலை அயல் முழுக்க வெளிக்கிட்டது. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். தெல்லிப்பழையில் அவருடைய பெரியம்மா வீடு இருந்தது. அவர் அறைக்குள் போனார். நான் வாசலில் பிள்ளையோடு நின்று, அதைத் தூக்கிக்கொண்டுதான் வரப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கையோடு வந்தார். கதவைப் பூட்டினார். மகனைச் சைக்கிளின் முன் பாரில் இருத்தினார்.

"ஏறும், கெதியாய் ஏறும்."

வழியெல்லாம் சனம் அழுதுகொண்டு போனது. வீட்டை, ஆட்டை, வலையை விட்டுவிட்டு வந்த சனம். நான் கரியரில் இருந்து அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனித்தேன். அவர் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் சந்தோஷமாகப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு அவர் தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அறையின் கூரைமேல் ஷெல் விழுந்திருந்தது. சுவர் ஒரு பக்கம் இல்லை. பூட்டு மட்டும் கதவில் தொங்கியதாம். ஓட்டுக் குவியலுக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கட்டைகளை எடுத்து வந்தார். ஏஜென்ற் அண்ணையைத் தேடிப் போனார். அவரும் இடம்பெயர்ந்து மானிப்பாய்ப் பக்கம் இருந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"முதலே சொன்னவர்தானே. அந்த மனிசன் அழுதிட்டுது" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு இனி நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதி வரவில்லை. சாப்பாட்டுக்கு இருந்தால் அவருடைய விரல் பலகையில் ஓடும். மகனைத் தோளில் போட்டு நித்திரையாக்கினால் அவன் முதுகில் ஓடும். மயிலிட்டியில் வாசித்த பாட்டு அது என்று விரல் போகிற போக்கிலேயே எனக்குத் தெரியும். வீட்டுக்குள் இருந்தபோது அதைத் துணியால் மூடலாம், அறைக்குள் விட்டுப் பூட்டலாம். இப்போது அது அவருடைய விரலுக்குள் போயிருந்துவிட்டது. பெரியம்மா வீட்டில் எனக்கென்று ஒரு மூலைகூட இல்லாத நேரத்தில், அழிந்துபோன ஒரு ஓர்கனை நினைத்து எரிந்துகொண்டிருந்தேன்.

பெரியம்மா வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்னக் கோயில் இருந்தது. அங்கே ஒரு கால் ஆர்மோனியம் தூசி படிந்து கிடந்தது. மிதிக்கிற பட்டி அறுந்ததால் ஒருவரும் வாசிப்பதில்லை. பின்னால் இருந்து துருத்தியைக் கையால் இழுத்தால் சத்தம் வரும் என்று பங்குச் சுவாமியார் சொன்னார். நான்தான் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த விரல்களைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில் அவர் வாசித்தார். நான் பின்னால் நிலத்தில் இருந்து இழுத்தேன். மயிலிட்டியில் அடிபட்ட தோள்தான் முதலில் நோகத் தொடங்கியது. காணிக்கைப் பாட்டில் இடையில் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சுரம் தளர்ந்தது. அவர் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வாசிக்கும்போது அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பூசை முடிய ஒரு பெண் கிட்ட வந்தாள். இளம்பிள்ளை, பாடகர் குழுவில் நிற்பவள்.

"அக்கா, உங்களுக்குக் கை நோகும். வாற கிழமை நான் இழுக்கிறன்."

"தேவையில்லை பிள்ளை" என்றேன். "அதை நான் இழுப்பன்."

அந்த ஊரில் இருந்த காலம் முழுக்க, காய்ச்சலிலும்கூட, அந்த இடத்தை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.