பத்து மணிக்கு மேல் பார்க்கலாம்

அந்த வீட்டை நாங்கள் மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்று முறையும் பத்து மணிக்கு மேல்தான். விற்பவர் தொலைபேசியில் வழி சொல்வதற்கு முன்பே நேரத்தைச் சொல்லிவிடுவார்.

“பத்து மணிக்கு மேல வாங்க. மூணு மணிக்குள்ள கெளம்பிக்கலாங்க.”

முதல் முறை நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் முறை, எங்களுக்கு எட்டு மணி வசதி என்றேன். அவருக்கு அன்று காலை கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது. மூன்றாம் முறை ஏழு மணிக்கு வரலாமா என்று கேட்டேன். ஏழு மணிக்குப் பல் டாக்டர் வரச் சொல்லியிருந்தாராம். காலை ஏழு மணிக்குப் பல் பிடுங்கும் டாக்டர் பொள்ளாச்சியில் யார் என்று என் கணவர் வழி முழுவதும் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். அவர் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சி.

முதலமடையைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் சாலை, அணையின் தேக்கநீர் தெரியும் இடத்தில் குறுகிவிடுகிறது. அங்கே முப்பது நாற்பது வீடுகள். கடைசியில், முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நிற்பது அந்தக் கட்டடம். முன்பு அது வீடு அல்ல. அறுவடையில் நெல்லை அடித்து, தூற்றி, குவித்து வைப்பதற்காக விற்பவரின் முன்னோர் எழுப்பிய களப்புரை. பாரவண்டி மாட்டோடு உள்ளே நுழையும் உயரத்தில் இரட்டைக் கதவு. முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவர். நெல்லுக்குக் காற்றுப் போக விட்ட ஒடுங்கிய துவாரங்களில் இப்போது கண்ணாடி பதித்திருந்தார்கள். நெல் கொட்டி வைத்த மரப் பத்தாயத்தின் மேல் மெத்தை விரித்துக் கட்டிலாக்கியிருந்தார்கள். தரைக்குச் சிவப்புக் காவி. பின்சுவரை உடைத்து வைத்த பெரிய சன்னலில் தண்ணீரும், அதற்கு அப்பால் மலையும் தெரிந்தன. பழமையைக் கெடுக்காமல் செய்திருந்த வேலை. அதனால்தான் என் ஐயம் கூடியது. இத்தனை அழகான வீடு இரண்டு மழைக்காலமாக ஏன் விலைபோகவில்லை?

நான் சமூகப்பணி படித்தவள். பாலக்காட்டில் ஒரு தொண்டு அமைப்பில் வேலை. வேலை என்றால் பெரும்பாலும் மனு எழுதுவது. வாய்வார்த்தையாக இருந்த உரிமைகள் ஒரே தலைமுறையில் காணாமற்போனதை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே எழுதப்படாத எதையும் நம்புவதில்லை என்று பழகிவிட்டேன். நீர்க்கரையில் இருக்கும் பழைய கட்டடத்தை வெளியூர்க்காரர் வாங்கினால் அந்த ஊரில் என்னென்ன மாறும் என்பதையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் விளம்பரத்துக்குப் பதில் அனுப்பினேன். பட்டியல் இரண்டு பக்கம் வந்தது.

மூன்றாம் முறை போனபோது நான் சுவரைப் பார்க்கவில்லை, சுற்றுப்புறத்தைப் பார்த்தேன். மழை பெய்து பல நாளாகியும் பக்கவாசலின் கல்பலகை ஈரமாக இருந்தது. அதன் மேல் மெல்லிய புளித்த வாடை. நான்கு பூனைகள் அந்தப் பலகையைப் பார்த்தபடி, யாருக்கோ காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தன. பக்கவாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் புல் தேய்ந்த ஒரு தடம். மனையின் வரைபடத்தில் அந்தத் தடம் இல்லை.

“இது யார் நடக்கிற வழி?” என்றேன்.

“மாடு கன்னு போகுங்க” என்றார் விற்பவர்.

“யாருடைய மாடு?”

“ஊர்ல மாட்டுக்கா பஞ்சமுங்க?” சிரித்தார். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால்.

வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தோம். வில்லங்கம் எதுவும் இல்லை. அது என் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. யாரோ அங்கே குடியிருக்கிறார்கள், நாங்கள் வரும் நேரத்தில் மட்டும் விற்பவர் அவர்களை அப்புறப்படுத்துகிறார் என்று முடிவு செய்தேன். ஒரு குடும்பம். அநேகமாகப் பழைய பண்ணையாள் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை என் மனத்தில் உருவாகிவிட்டது.

நான்காம் முறை சொல்லாமல் போனோம். காலை ஆறே கால். அந்தக் குடும்பத்தைக் காணோம். ஊரே அங்கிருந்தது.

பக்கவாசலில் ஒரு மேசை, அதன்மேல் மின்தராசு. வாசற்படியில் அலுமினியக் கேன்கள். தூக்குப்போசிகளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஸ்கூட்டரில் கேன் கட்டி வந்த ஆண்கள் இரண்டு பேர். கல்பலகைமேல் சிந்திய பாலைப் பூனைகள் நக்கின. பாலை ஊற்றிவிட்டு ஒருத்தி தன் எருமையை அதே தடத்தில் தண்ணீருக்கு ஓட்டிப்போனாள்.

மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் நின்று பாலை அளந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“ஆருங்க அது? ஊட்டப் பாக்க வந்தவீகளா? பத்து மணிக்கு மேலயல்ல வரோணும்?”

வரிசை முழுவதும் சிரித்தது. பத்து மணி விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“ஏனுங்க, சீக்கிரம் வந்தா ஊடு தூங்கீட்டா இருக்கும்?” என்றார் என் கணவர். அவர் பேச்சைக் கேட்டதும் சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. ஆனால் அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரிசார்ட்டு கட்டறவீகளா அம்மிணி?”

“இல்லை. நாங்கள் குடியிருக்க.”

“மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

கேட்டுத் தெரிந்துகொண்டேன். பால் சொசைட்டியின் பழைய கொட்டகை காற்றில் சரிந்தபோது, விற்பவரின் தகப்பனார், மழைக்கு நனையாமல் நம்ம களத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் இறந்தும் வருடங்கள் ஆகிவிட்டன. காலையும் மாலையும் பால் அங்கேதான் அளக்கப்படுகிறது. அடுத்த சேகரிப்பு நிலையம் பெருஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. வண்டி இல்லாதவர்கள் பாலைச் சுமந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பால் வண்டி கிளம்பிவிடும். ஒற்றை மாடு வைத்திருக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் அந்த வாசலை நம்பித்தான் மாடு வைத்திருந்தார்கள். வாங்க வருபவர் கண்ணில் படாதிருக்க, பத்து மணிக்குள் பலகையைக் கழுவிவிட்டுப் போகும்படி மகன் கேட்டிருந்தார். கழுவினால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டார் என்று அவர்களும் கழுவினார்கள்.

விற்பவரை அழைத்தேன்.

“சொன்னா ஆரு வாங்குவாங்க, சொல்லுங்க? எங்கப்பா ஒரு வார்த்தை உட்டுட்டுப் போயிட்டாருங்க. நீங்க வாங்கற மாதிரி இருந்தா, உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி அவங்ககிட்ட எழுதி வாங்கிக்கங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க.”

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதுவரை எல்லாவற்றையும் சந்தேகித்த நான் அதை மட்டும் நம்பினேன். ஏனென்றால் எழுதுவது என் வேலை.

மூன்று நாள் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினேன். வாசலை யார் யார் பயன்படுத்துவது, எந்த நேரம், தண்ணீருக்குப் போகும் தடத்தின் அகலம், வீடு கைமாறினாலும் இந்த ஏற்பாடு தொடர வேண்டும் என்ற கடைசிப் பத்தி. அந்தக் கடைசிப் பத்திக்காகவே எழுதினேன். ஒரு காலையில் அதை எடுத்துப்போய், அளவை முடிந்ததும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

முதல் பத்தி இப்படித் தொடங்கியது: உரிமையாளரின் அனுமதியின் பேரில் இவ்வாசலைப் பயன்படுத்தும், கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள்.

பெண்கள் கேன் மூடிகளை மூடினார்கள். பிறகு பால் அளக்கும் அம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“எங்கப்பங்கிட்டயும் இதே மாதிரி படிச்சுத்தான் காட்டுனாங்க அம்மிணி. மொதலாளி சம்மதத்துல இங்க இருக்கறன்னு. நல்ல காயிதமுன்னு ரேகை வெச்சாரு. அடுத்த வருசமே சம்மதமில்லைன்னு சொல்லிட்டாங்க. நாங்க இருந்த ஊடு அந்தா, அந்தப் பனைக்கு அக்கட்டால.”

“இது அப்படி இல்லை. கடைசிப் பத்தியைக் கேளுங்கள்.”

“கடைசில இருக்கறது எங்களுக்கு எப்பத் தெரியும்? மொதல்ல இருக்கறதுக்குத்தான கையெழுத்து?”

பின்னாலிருந்து ஒருத்தி, “எழுதறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க. பால் கொண்டாரவீகளுக்கு வாயுமா இல்லை?” என்றாள். யாரோ சிரிக்க முயன்று நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை தராசு அங்கே இல்லை. சாலையோரப் பேருந்து நிழற்குடையின் பெஞ்சில் அதை வைத்திருந்தார்கள். பாதிக் கூரை, முழு வெயில். மின்சாரம் இல்லாததால் ஸ்கூட்டர் பாட்டரியில் கம்பி இழுத்திருந்தார்கள். வண்டி வருவதற்குள் திரிந்துபோன ஒரு போசிப் பாலை அதன் சொந்தக்காரி ஓடையில் கொட்டுவதைப் பார்த்தேன். கொட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று விற்பவரே அழைத்தார்.

“பாருங்க மேடம், எடம் சுத்தமாயிருச்சு. இனி நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாங்க.”

அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சியா, நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தகப்பன் கொடுத்த வார்த்தையை மகனால் வாய்விட்டு மீற முடியாது. அந்தப் பகுதியில் அது பெரிய அவமானம். எழுதத் தெரிந்த ஒருத்தி வரட்டும் என்றுதான் காத்திருந்தாரா? கணவரிடம் கேட்டேன்.

“அவரு என்ன நெனச்சாருன்னு உட்டுத் தள்ளு. அவங்க வாசல்ல அவங்க நின்னுட்டு இருந்தாங்க. நீ ஒரு காயிதத்தக் கொண்டுபோயி அவங்களை உன்ற வாசல்ல நிக்க வெச்சுட்ட.”

அன்று மாலை நிழற்குடைக்குப் போய், அந்தத் தாளை அம்மாளின் முன்னாலேயே நான்காகக் கிழித்தேன். அவர் கிழிசல்களை ஆர்வமில்லாமல் பார்த்தார்.

“செராக்சு இருக்குமல்லங்க?”

இருந்தது. பையில் இரண்டு பிரதிகள். நான் எதையும் பிரதி எடுக்காமல் வெளியே வருவதில்லை. அவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் மடித்துத் தராசின் அடியில் வைத்தார். பெஞ்சு ஒரு பக்கம் சரிந்திருந்ததால் அது உதவியது.

வாங்குவதா வேண்டாமா என்று மீண்டும் இரண்டு பக்கம் எழுதினேன். நாங்கள் விலகினால், வெறுமையான வாசலைக் காட்டி விற்பவர் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்பார். வாங்குபவர்கள் கட்டப்போகும் மதிலை என்னால் இப்போதே பார்க்க முடிந்தது. நாங்கள் வாங்கினால், பால் கொண்டுவருபவர்களை விரட்டியவளே அங்கு குடியேறியதாகும். இரண்டிலும் நான் நல்லவளாக வர வழி இல்லை. மதில் வராத பக்கத்தை எடுத்தோம். பத்திரம் பதிவான மறுநாள் பக்கவாசலின் கேட்டைக் கழற்றி, விற்பவரின் தோட்டத்துக்கே அனுப்பிவைத்தோம். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அம்மாள் சாலையிலிருந்து அதைப் பார்த்தாராம். “இன்னிக்குக் கழட்டுனா நாளைக்கு மாட்டிக்கலாமல்ல” என்று சொன்னதாகக் கணவர் கேட்டு வந்தார்.

ஆடி மழை காற்றோடு வந்த ஒரு காலை, பத்தாயத்தின்மேல் படுத்திருந்த எனக்குப் பக்கவாசலில் கேன் வைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போகவேண்டும்போல் இருந்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாளின் குரல், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சற்று உரக்க வந்தது: “மழைக்கு மட்டுந்தான்.”

மழை நின்று பல வாரங்கள் ஆகிவிட்டன. தராசு போகவில்லை. ஆனால் இன்னும் பத்து மணிக்குள் பலகையைக் கழுவிவிடுகிறார்கள், ஒரு துளி பாலின் அடையாளம்கூட இல்லாமல். வாங்க வருபவர் யாரும் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம். கழுவவேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். சொன்னால், இதுவும் என் அனுமதியா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் பத்து மணி வரைக்கும் நான் அந்தப் பக்கம் போவதில்லை.